ஒயோனாவின் சீப்புகள்

எர்மான்ஸ் புவாரெல் எடுத்த படங்கள் நாற்பத்தொன்று.
மிஞ்சியது பதினொரு நொடி.
அதுவும் என் கையுறை பட்டால்
ஓரத்தில் பொடிகிறது.

கிடங்கில் கோடையிலும் குளிர் நான்கு பாகை.
மேல்கோட்டைக் கழற்றாமல் வேலை செய்கிறேன்.
நைட்ரேட் சுருளுக்கு அழுக்குக் காலுறையின் வாடை என்பார்கள்;
எனக்கு அது
மழையில் நனைந்த நாய், கொஞ்சம் பாதாம்.

பதினொரு நொடியில் நடப்பது இவ்வளவே:
ஒரு பெண் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறாள்.
கதவு சாத்திக்கொள்கிறது.
அந்தக் காலத்தில் வேறு யாரானாலும்
அங்கே நிறுத்தியிருப்பார்கள்.
இவள் நிறுத்தவில்லை.
நாற்காலி. மேசை விரிப்பின் மடிப்பு.
பாதி உரித்த ஒரு ஆரஞ்சு.
யாருமில்லாத அறை
ஒருத்தி போய்விட்ட அறையாக மாறும்வரை
சுழன்றுகொண்டே இருக்கிறது கைப்பிடி.

"மீட்டர் ஒன்றேகால் பிராங்க் விற்கிறது.
வெறும் நாற்காலிக்கு அழ நான் என்ன கோமாளியா?"
முதலாளி ஆன்செல்ம் துரோவின் கடிதம், 1909.
அவள் பதில் எழுதியதாகத் தெரியவில்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கூட்டல் கணக்கு மட்டும்:
பசை, மெழுகுவர்த்தி,
பஸ்தியானுக்கு இருமல் மருந்து.

பஸ்தியான் கேமராவைச் சுற்றியவர்.
"நடிகர்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்,
என் தோள் மரத்துவிடும்,
அவள் மட்டும் கதவையே பார்த்தபடி
சுற்று, இன்னும் சுற்று என்பாள்.
யாராவது திரும்பி வருவார்களோ என்று
எனக்கே சந்தேகம் வந்துவிடும்."

போர் வந்தது. போர் போனது.
கடன்காரர்கள் மட்டும் போகவில்லை.
சுருள்களை எடைக்குப் போட்டார்கள்,
ஒயோனாவின் சீப்பு ஆலைகளுக்கு.
அங்கே சோடா நீர்த்தொட்டியில் ஊறவைத்தால்
வெள்ளி ஒருபக்கம், முகங்கள் ஒருபக்கம்
வழுக்கிக்கொண்டு இறங்கும்.
கல்யாணக் காட்சியும் கப்பல் மூழ்கிய காட்சியும்
ஒரே சாக்கடையில் கலந்து ஓடையைச் சேரும்.
மிஞ்சிய தெளிந்த செல்லுலாய்டை உருக்கிப்
பல் வெட்டினார்கள்.
அந்தக் குளிர்காலத்தில் ஜூரா மலைப் பெண்கள்
அவள் படங்களால் தலை வாரிக்கொண்டார்கள்.
சிக்கெடுக்கும்போது ஒருத்திக்கும் தெரியாது.

தொட்டியடியில் நின்ற ஃபிலோமேன் ஜாந்தே என்பவள்
ஒரு முழம் நறுக்கி மேலங்கிப் பையில் போட்டிருக்கிறாள்.
ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.
பொத்தான் டப்பாவின் அடியில் கிடந்தது அது,
போன மார்ச்சில் தபாலில் எனக்கு வரும்வரை.

எர்மான்ஸ் அதன்பின் முப்பது ஆண்டுகள்
வெசூல் நகரத் திரையரங்கில்
டிக்கெட் கிழித்தாள்.
ஓர் இரவு அங்கே புதுப்படம்,
பாரிஸ் பையன் ஒருவன் எடுத்தது.
ரயில் போய்விடுகிறது.
போனபின்னும் நடைமேடை திரையில் நிற்கிறது,
நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது.
இதுவரை யாரும் செய்யாதது என்று
மறுநாள் பத்திரிகைகள் கொண்டாடின.
கடைசி வரிசைக்குப் பின்னால் அவள்
டார்ச்சை அணைத்துவிட்டு
விளக்கு போடும்வரை அசையாமல் நின்றாளாம்.

இதற்கு ஆதாரம் இல்லை.
ஆதாரமில்லாததைப் பட்டியல் அட்டையில்
நான் எழுதுவதில்லை.
அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சந்தையில் ஒயோனாச் சீப்பு ஒன்று வாங்கினேன்,
மூன்று யூரோ, ஒரு பல் உடைந்தது.
ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
எதிர்வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது.

இன்று பிரதியெடுக்கும் அறையிலிருந்து
திபோ கூப்பிட்டுக் கேட்டான்:
"கதவு சாத்தியபின் ஒன்றுமே இல்லையே,
அங்கே வெட்டிவிடலாமா?"

சுற்றட்டும் என்றேன்.

போனில் இருவரும் பேசவில்லை.
மேசைமேல் ஆரஞ்சு,
இன்னும் பாதி தோலோடு.